ஏர் ரைபிளுக்குப் புதுப் பேரல்: எதைப் பார்த்து வாங்குவது?

குறி சிதறத் தொடங்கினால் பழி முதலில் விழுவது பேரல், அதாவது துப்பாக்கிக் குழல் மீதுதான். ஆனால் 4.5 மி.மீ. ஈயப் பெல்லட் சுடும் ஏர் ரைபிளில் பேரல் தேய்ந்து வீணாவது மிக அபூர்வம். உள்ளே வெடிமருந்து எரிவதில்லை, சூடு ஏறுவதில்லை, ஈயமோ எஃகைவிடப் பல மடங்கு மென்மை. முறையாக வைத்திருந்தால் லட்சக்கணக்கான பெல்லட்டுகளை அது தாங்கும். உண்மையில் பேரலைக் கெடுப்பவை வேறு. மழைக்காலத்தில் உள்ளே பிடிக்கும் துரு, இரும்புக் கம்பியில் துணி சுற்றி முன்பக்கமாக விட்டுத் தேய்ப்பது, வாய் விளிம்பு எங்காவது இடித்து நசுங்குவது, மடக்குப் பேரல் ரைபிளில், அதாவது பேரலையே மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகையில், பேரல் திறந்திருக்கும்போதே விசையை அழுத்திவிடுவது. கடைசியில் சொன்னது நடந்தால் ஸ்பிரிங்கின் வேகத்தில் பேரல் மேல்நோக்கி அடித்து, பெரும்பாலும் வளைந்துவிடும். கையில் அடிபட்டால் விரலும் போகும்.

முதலில் சட்டம். இங்கே சொல்வதெல்லாம் ஏர் ரைபிளுக்கு மட்டும். வெடிமருந்துத் துப்பாக்கிகளின் உதிரிப் பாகங்களும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ஆயுதம்தான். அவற்றின் பேரலை மாற்றுவது உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி செய்ய வேண்டிய வேலை. உரிமம் இல்லாமல் பேரலை வெட்டிக் குறைப்பது தனிக் குற்றம். ஏர் ரைபிளில், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உள்விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாதவற்றுக்கு உரிமம் வேண்டாம். இதில் புதியவர்கள் சிக்கும் இடம் ஒன்று உண்டு. உரிமம் தேவையில்லாத .177, அதாவது 4.5 மி.மீ. ரைபிளில் 5.5 மி.மீ., அதாவது .22 பேரலைப் பொருத்தினால், ஆற்றல் ஒரு ஜூல்கூட ஏறாவிட்டாலும் அது உரிமம் வேண்டிய வகைக்குப் போய்விடும். எனவே மாற்றுப் பேரல் என்றால் 4.5 மட்டுமே. வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக ஆர்டர் போடுவதற்கு முன் இறக்குமதி விதியை மதுரை ரைபிள் கிளப் போன்ற சங்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் சிக்கிய பார்சலை மீட்பது பெரும்பாடு.

பறவை, முயல் என்று நினைத்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரிட்டாபட்டிக் குன்றுகளிலும் சாமநத்தம் கண்மாயிலும் இருப்பவை குறி பழகும் இலக்குகள் அல்ல. உரிமம் தேவையில்லாத ரைபிள் என்பதால் வேட்டையாடும் உரிமை வந்துவிடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருப்பது எந்தத் துப்பாக்கி என்று பார்ப்பதில்லை.

பேரல்தான் குற்றவாளியா?

புதுப் பேரலுக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன் பழையதைச் சோதியுங்கள். தோளில் வைக்கும் கட்டையைப் பிடிக்கும் திருகுகள், குறி பார்க்கும் சைட் அல்லது ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகுகள், பேரலைப் பிடிக்கும் திருகுகள், இந்த மூன்றையும் வரிசையாக இறுக்கிப் பாருங்கள். சிதறலுக்குப் பெரும்பாலும் காரணம் இங்கேயே கிடைத்துவிடும். அடுத்தது பெல்லட். ஒரே நிறுவனத்தின் பெல்லட்டிலேயே தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனி டப்பாக்களில் வரும். ஒரு பேரலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. குறைந்தது நான்கு வகையில் ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக ஐந்து குழு (ஒரே குறிக்குச் சுட்ட ஐந்து ஓட்டைகள் ஒரு குழு) சுட்டுப் பார்த்த பிறகுதான் பேரலைக் குறை சொல்ல வேண்டும். ஒரே ஒரு குழு நன்றாக விழுந்தாலும் மோசமாக விழுந்தாலும் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான பின்பக்க ஓ ரிங்கையும் பாருங்கள். பேரலும் அதைப் பிடித்திருக்கும் உடற்பகுதியான ரிசீவரும் சேரும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை ஒட்டி வைத்து, ரைபிளை இலக்கை நோக்கி வைத்தபடி ஒரு பெல்லட்டைச் சுடுங்கள். பேப்பர் துடித்தால் காற்று கசிகிறது. காற்று கசிந்தால் வேகம் ஒவ்வொரு சுடுதலுக்கும் மாறும், மேலும் கீழுமாகக் குறி விழும். சில ரூபாய் ஓ ரிங் தீர்க்கும் நோய்க்குப் பல ஆயிரம் ரூபாய்ப் பேரல் வாங்கியவர்கள் நிறைய பேர்.

பிறகு வாய் விளிம்பு. காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பேரலின் வாய்க்குள் விட்டு, விளிம்பை உரசியபடி வெளியே இழுங்கள். சுற்றிலும் இப்படிச் செய்யும்போது ஒரே இடத்தில் பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் கணத்தில் அதன் விரிந்த பின்பகுதியான பாவாடைக்குப் பின்னால் இருக்கும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முன்கூட்டியே திறந்தால் அந்தக் காற்று பெல்லட்டின் வாலை ஒதுக்கித் தள்ளும். விளிம்பைச் சரிசெய்வது பேரலை மாற்றுவதைவிட மிக மலிவான வேலை.

இவ்வளவும் பார்த்த பிறகும் குழு சுருங்கவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே துருப் பள்ளங்கள் தெரிகின்றன, அல்லது பேரல் கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருக்கிறது என்றால், மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது

பேரலின் உட்சுவரில் திருகலாக ஓடும் மேடு பள்ளங்களை ரைஃப்ளிங் என்கிறோம். மேடுகள் ஈயத்தில் பதிந்து பெல்லட்டைச் சுழற்றுகின்றன. ஏர் ரைபிளுக்கான பேரல்களில் பெரும்பாலும் ஒரு முழுச் சுற்றுக்கு 450 மி.மீ. நீளம் இருக்கும். பத்து மீட்டர் போட்டிகளில் 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால், இலக்கைத் தொடுவதற்குள் அது சுமார் 22 தடவை சுற்றியிருக்கும். அதன் ஆற்றல் 7.7 ஜூல் அளவுக்கு வரும். கனமான நீளத் தோட்டாவுக்குச் சுற்று வேகம் கூட வேண்டும் என்று வெடிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. இடுப்பு ஒடுங்கிய பெல்லட் தன் பாவாடை பிடிக்கும் காற்றாலேயே பாதி நேர்ப்பட்டுவிடும். ஆகவே 400க்கும் 450க்கும் இடையே எதை எடுப்பது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம், துளை முழு நீளத்துக்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்பது. பள்ளம் எத்தனை, அவை எந்த வடிவம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நடுவில் ஓரிடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகன்றிருந்தால்கூடப் பெல்லட் அங்கே பிடி தளர்ந்து, பிறகு மறுபடி இறுகும். அதற்குள் அதன் நேர்நிலை கெட்டிருக்கும்.

இதைக் கையாலேயே உணரலாம். பேரலை ரைபிளிலிருந்து கழற்றிய நிலையில், பின்பக்கமாக ஒரு பெல்லட்டை நுழைத்து, 4 மி.மீ.க்கும் சற்றுக் குறைவான வழவழப்பான பித்தளைக் கம்பி அல்லது பூச்சு உள்ள துப்புரவுக் கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள். தொடக்கத்தில் மேடுகள் ஈயத்தில் பதியும்போது ஓர் எதிர்ப்பு வரும். அதன்பின் ஒரே சீராகப் போக வேண்டும். திடீரென்று வழுக்கினால் அங்கே அகலம், நின்று நின்று போனால் சொரசொரப்பு. வாய்க்கு அருகில் கடைசி 3 முதல் 5 செ.மீ.யில் மீண்டும் இறுகினால் பயப்பட வேண்டாம், அதுதான் சோக். துளையை வாய்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டரில் சில நூறாவது பங்கு ஒடுக்கி விடுவார்கள். சற்று விட்டம் மாறுபட்ட பெல்லட்டுகளும் வெளியேறும்போது ஒரே அளவாகி வெளியேறும். டப்பாவுக்கு டப்பா மாறும் பெல்லட்டுகளை வைத்துப் பழகுபவர் சோக் உள்ள பேரலையே தேடி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியே வந்த பெல்லட்டை லென்ஸில் பாருங்கள். மேட்டின் தடங்கள் சுற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழமும் எதிர்ப்பக்கம் மங்கலும் என்றால் பெல்லட் சாய்ந்தபடி நுழைந்திருக்கிறது. பாவாடையில் வெட்டுக்காயம் தெரிந்தால் காற்று வரும் துளையின் விளிம்பு கூர்மையாக விடப்பட்டிருக்கிறது.

நுழைவாயில் அதே அளவு முக்கியம். பேரலின் பின்முனையில் ரைஃப்ளிங் சட்டென்று தொடங்காமல், சில மில்லிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாகத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்க வேண்டும். அது இல்லாத பேரலில் பெல்லட்டின் தலையை மேடுகள் சீவிவிடும். கையால் ஒவ்வொன்றாகப் போடும் ரைபிளில் விரல் உணர்ந்து சரிசெய்துகொள்ளும். பல பெல்லட்டுகளை அடுக்கும் மேகசின் வைத்த ரைபிளில் அந்த வாய்ப்பு இல்லை.

நீளமும் எஃகும்

நீண்ட பேரல் நன்றாகக் குறி அடிக்கும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது, தவறானது. உயர்ந்த பத்து மீட்டர் ரைபிள்களில் உண்மையான பேரல் ஏறத்தாழ 420 மி.மீ. தான். வெளியே நீளமாகத் தெரிவதில் மீதி, முன் சைட்டைத் தள்ளி வைப்பதற்கான வெற்றுக் குழாய். முன் சைட்டும் பின் சைட்டும் விலகி இருந்தால் கண்ணின் பிழை குறைகிறது, அவ்வளவே. பேரல் நீள நீள, பெல்லட் உள்ளே இருக்கும் நேரம் கூடும். விசையை அழுத்திய பின் கை அசைவது அந்த நேரத்தில் குறியில் சேரும். புதிதாகப் பழகுபவருக்கு அது நஷ்டம். ஸ்பிரிங் ரைபிளில் இன்னும் மோசம். பிஸ்டன் தரும் காற்று ஒரு சிறு அளவுதான், குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் பெல்லட் வேகம் எடுப்பதில்லை.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியையும் மனத்தில் வையுங்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தின் விதிப்படி பத்து மீட்டர் ஏர் ரைபிளில் சுடும் பொறியமைப்பின் பின்முனையிலிருந்து வாய்முனை வரை 850 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வெளிக்குழாயும் இந்த அளவுக்குள் அடக்கம். மொத்த எடை 5.5 கிலோவுக்குள். பேரலிலோ வெளிக்குழாயிலோ துளையிட்ட அமைப்புகளுக்கு அனுமதி இல்லை. இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு என்பதால், பேரலின் உள்ளே நூறில் ஒரு பங்கு பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்பது விளங்கும்.

ஸ்டெயின்லெஸ் வேண்டுமா, சாதாரணக் கார்பன் எஃகு போதுமா? குறிக்கு இரண்டும் ஒன்றே. வெப்ப அரிப்பு இல்லாத ஏர் ரைபிளில் ஸ்டெயின்லெஸ் தரும் ஒரே லாபம் துரு எதிர்ப்பு.

பொருந்துமா என்று பார்ப்பது

தனியாக ரைபிள் கட்டுபவருக்கு வசதியானது பி.சி.பி., அதாவது சிலிண்டரில் அழுத்தக் காற்று நிரப்பும் வகை. இதில் பேரல் பெரும்பாலும் ஒரு உருளையாக ரிசீவரின் துளைக்குள் நுழைந்து, இரண்டு மூன்று கிரப் ஸ்க்ரூவால், அதாவது தலையில்லாத சிறு திருகால் பிடிக்கப்படும். மடக்குப் பேரல் ரைபிளிலோ பேரல் ஒரு பிளாக்கில் அழுத்தி ஏற்றப்பட்டு, கீல், பூட்டு எல்லாம் அந்த பிளாக்கோடு சேர்ந்திருக்கும். அதற்குப் பேரலை மட்டும் மாற்ற முயல வேண்டாம். அந்த மாடலுக்கே உரிய பேரலும் பிளாக்கும் சேர்ந்த உதிரிப் பாகத்தைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்குவதுதான் சரி. அதை மாட்டிய பின் பேரலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீலின் போல்ட்டையும் வாஷரையும் கவனிக்காமல் புதுப் பேரல் எதையும் தராது.

பி.சி.பி.க்கு வாங்கும்போது எழுதிக்கொண்டு போக வேண்டிய அளவுகள்: வெளிவிட்டம், ரிசீவருக்குள் நுழையும் நீளம், காற்றுத் துளையின் இடமும் விட்டமும், ஓ ரிங் பள்ளத்தின் இடம், வாய்ப்பக்கம் மரை இருந்தால் அதன் அளவு. வெர்னியரால் எடுத்த அளவு நீளங்களுக்குப் போதும். விட்டத்துக்கு மைக்ரோமீட்டர் வேண்டும். 16 மி.மீ. பேரல் என்றால் துளை 16.000 முதல் 16.018 வரை, பேரல் 15.983 முதல் 15.994 வரை இருப்பது நல்ல பொருத்தம். கையால் தள்ளினால் நுழையும், ஆனால் ஆடாது. இதைவிடத் தளர்வாக இருந்தால் ஸ்க்ரூவை இறுக்க இறுக்கப் பேரல் ஒரு பக்கம் சாயும். 420 மி.மீ. பேரல் முனையில் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் பத்து மீட்டரில் கிட்டத்தட்ட 24 மி.மீ. விலகும். சைட்டின் திருகு முழுவதும் தீர்ந்தும் நடுவுக்கு வரவில்லை என்று சொல்பவர்களின் ரைபிளில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

கிரப் ஸ்க்ரூவைப் பலமாக முறுக்குவதும் ஆபத்து. மெல்லிய சுவருள்ள பேரலில் அதன் முனை பதிந்து, உட்பக்கம் ஒரு சிறு மேட்டை எழுப்பும். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பேரலில் ஆழமில்லாத தட்டையான குழி இருப்பதும், ஸ்க்ரூவின் முனை தட்டையாக இருப்பதும் நல்லது. மாட்டிய பிறகு மறுபடி ஒரு பெல்லட்டைத் தள்ளிப் பாருங்கள். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் இறுகினால் கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

லேத் பட்டறையில்

கப்பலூர் சிட்கோவிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலும் கைதேர்ந்த டர்னர்கள் இருக்கிறார்கள். ஆனால் பேரல் வேலையில் அவர்கள் வழக்கமாகப் பார்க்காத சில விஷயங்கள் உண்டு, அவற்றை நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலாவது, வெளிவிட்டத்தைக் கடைந்து குறைப்பது. பெரும்பாலான ஏர் ரைபிள் பேரல்களில் ரைஃப்ளிங்கை, கடினமான கார்பைடு பட்டனைத் துளைக்குள் இழுத்தோ, பேரலை வெளியிலிருந்து சம்மட்டியால் அடித்தோ உருவாக்குகிறார்கள். இரண்டிலும் எஃகு அழுத்தப்பட்டு, உள்ளே இறுக்கம் தங்கிவிடும். வெளியே தோலை உரித்தால் அந்த இறுக்கம் தளர்ந்து, உரித்த இடத்தில் துளை விரியும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே அகன்ற இடம் உருவாகியிருக்கும். ரிசீவருக்குள் நுழையும் சிறு பகுதியைக் கடைவது தவிர்க்க முடியாதென்றால் அதோடு நிறுத்துங்கள். நடுப்பகுதியையும் வாய்ப்பக்கத்தையும் தொட வேண்டாம். வாய்ப்பக்கம் விரிந்தால் அது பெரிய சேதம்.

இரண்டாவது, நீளம் குறைப்பது. சோக் உள்ள பேரலை வாய்ப்பக்கம் வெட்டினால் சோக்கும் வெட்டுப்பட்டுப் போகும். குறைக்க வேண்டுமானால் பின்பக்கம் குறைத்து, நுழைவாயில் சாய்வைப் புதிதாகப் போட வேண்டும்.

மூன்றாவது, மையம். பேரலின் வெளிவட்டமும் துளையும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. மூன்று தாடைச் சக்கில் மாட்டி முகத்தை வெட்டினால் வெட்டு, துளைக்குச் செங்குத்தாக இருக்காது. நான்கு தாடைச் சக்கில் மாட்டி, துளைக்குள் இறுக்கமாக நுழையும் ஒரு பின்னை வைத்து, அதன்மேல் டயல் இண்டிகேட்டரை ஓட்டி மையம் பிடிக்கச் சொல்லுங்கள். வாய் வெட்டும்போது கருவி உள்ளிருந்து வெளிநோக்கி வர வேண்டும், பிசிறு துளைக்குள் விழாது. முடிவில், உருண்டைத் தலைப் பித்தளைத் திருகை மெதுவாகச் சுழலும் ட்ரில்லில் மாட்டி, தலையில் வால்வு தேய்க்கும் பசை பூசி, விளிம்பில் வைத்து வட்டமாக ஆட்டியபடி சில நொடிகள் தேய்த்தால் போதும். அதற்கு முன் துளைக்குள் பஞ்சு அடைக்க மறக்காதீர்கள். பசை உள்ளே போனால் ரைஃப்ளிங்கையும் அது தேய்க்கும்.

மாட்டிய பிறகு

எந்தப் பேரலும் முற்றிலும் நேராக இருப்பதில்லை. லேசான வளைவு மேலோ கீழோ இருக்கும்படி பேரலைத் திருப்பி மாட்டினால், மீதியை உயரத் திருகிலேயே சரிக்கட்டலாம். பக்கவாட்டில் விட்டால் தூரம் மாறும்போதெல்லாம் தொல்லை.

தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்தெடுக்க, பின்பக்கமிருந்து ஃபெல்ட் துண்டுகளைத் தள்ளுங்கள். கறுப்பு வருவது நின்றதும் நிறுத்திவிடலாம். பித்தளை பிரஷ் வேண்டாம். ஈயம் லேசாகப் பேரலில் படிந்து நிலைப்பட 20, 30 பெல்லட் ஆகும், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு மணல் பையில் தாங்கிச் சுடுங்கள். ஸ்பிரிங் ரைபிளை மட்டும் கிளாம்பில் இறுக்க வேண்டாம், துள்ள வேண்டியது துள்ளாமல் குறி இடம் மாறும். நல்ல போட்டிப் பேரலும் அதற்குப் பிடித்த பெல்லட்டும் சேர்ந்தால் பத்து மீட்டரில் ஐந்து குண்டும் ஏறத்தாழ ஒரே ஓட்டையாக விழும். மையத்துக்கு மையம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அந்தப் பேரலை மதியுங்கள். சாதாரண ஸ்பிரிங் ரைபிளில் 5 முதல் 8 மி.மீ. வந்தாலே சந்தோஷப்படலாம்.

மதுரை வெயிலில் காருக்குள் விட்ட ரைபிள் தொடமுடியாத அளவு சூடாகும். பி.சி.பி. சிலிண்டரில் அழுத்தமும் ஏறும், ஆகவே அங்கே விடவே கூடாது. கோடையைவிடப் பேரலுக்கு ஆபத்தான மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் ஸ்பாஞ்சு வைத்த பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பேரலுக்கே தரும். பெட்டியிலிருந்து எடுத்துத் துணியுறையில் நிமிர்த்தி வையுங்கள், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். பழகி முடித்ததும் வெளிப்பக்கத்து வியர்வையைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். துளைக்குள் எண்ணெய் விட்டு வைத்திருந்தால் அடுத்த முறை சுடும் முன் அதை ஃபெல்ட்டால் எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங் ரைபிளில் உள்ளே தங்கிய எண்ணெய் அழுத்தத்தில் பற்றி வெடிக்கும், சீலைக் கருக்கும்.

பிடித்த பெல்லட் எது என்று தெரிந்ததும், டப்பாவின் அடியில் அச்சிட்ட லாட் எண்ணை, அதாவது உற்பத்தித் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு அதே லாட்டில் கிடைக்கும் அளவு வாங்கி வையுங்கள். லாட் மாறினால் மறுபடி ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.